ஓ-கோனிக்ஸ்புர்க் மலைக்கோட்டை: எது பழையது, எது 1908-க்குள் கட்டியது?

பிரான்சின் கிழக்கு எல்லையில் உள்ள ஆல்சாஸில், செலஸ்டா நகரத்தில் நின்று மேற்கே பார்த்தால் வோஜ் மலைத்தொடரின் முன்வரிசைக் குன்று ஒன்றின் முகட்டில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கோட்டை தெரியும். கடல் மட்டத்திலிருந்து 757 மீட்டர் உயரம். கூரை, கோபுரம், மதில், தூக்குப்பாலம் எல்லாம் முழுசாக இருக்கின்றன. ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளில் பெரும்பாலானவை பல் விழுந்த வாய்போல நிற்க, இது மட்டும் எப்படி இவ்வளவு கட்டுக்கோப்பாக இருக்கிறது என்று பார்ப்பவருக்கு ஐயம் வரும். அந்த ஐயம் சரியானதே. 1899-இல் இந்த முகட்டில் இருந்தது கூரையில்லாத இடிபாடு. இப்போது தெரிவதில் பெரும்பகுதி 1900-க்கும் 1908-க்கும் இடையில் எழுந்தது.

அதனால் இதைப் "போலிக் கோட்டை" என்று ஒதுக்குபவர்கள் இன்றும் உண்டு. இந்த ஆய்வு அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஓ-கோனிக்ஸ்புர்க்கில் பழைய கல்லும் இருக்கிறது, ஆதாரத்தோடு மீட்ட கல்லும் இருக்கிறது, ஊகத்தில் ஏற்றிய கல்லும் இருக்கிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அந்த வழியை விட்டுவைத்தவர், இதைக் கட்டியதற்காக அதிகம் திட்டு வாங்கிய கட்டடக் கலைஞரேதான்.

மலை, கல், கொடி

கோட்டை ஏன் இங்கே வந்தது என்பதற்குக் கீழே ஓடிய பாதைகளைப் பார்க்க வேண்டும். ரைன் சமவெளி வழியாக வடக்கு-தெற்காக ஒயினும் கோதுமையும் போயின. லொரேன் பக்கத்து உப்பும் வோஜ் மலைச் சுரங்கங்களின் வெள்ளியும் மேற்கிலிருந்து கிழக்கே இறங்கின. இரண்டு போக்குவரத்தும் இந்தக் குன்றின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நடந்தன. இங்கே கோட்டை வைத்திருப்பவன் சுங்கம் கேட்கலாம், பாதுகாப்புக்குக் கூலி கேட்கலாம், ஆள் பலம் இருந்தால் வண்டியையே மடக்கலாம். பின்னால் இம்மூன்றும் நடந்தன.

மலையின் மண்ணமைப்பும் இந்தக் கதையில் ஒரு பங்கு வகிக்கிறது. குன்றின் அடிவாரம் நைஸ் என்னும் பழைய படிகப் பாறை. உச்சி அதன்மேல் தொப்பிபோல் அமர்ந்த மணற்கல். அடிவாரத்து நைஸ் பொடிந்த மண்ணில் திராட்சை வளர்கிறது. கின்ட்ஸைம், ஓர்ஷ்வில்லேர் ஊர்களின் சரிவில் சுமார் 18.7 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் ப்ரெலாடன்பெர்க் தோட்டம், ஆல்சாஸின் உயர்தர ஒயின் நிலங்களான "கிரான் குரூ"க்களில் ஒன்று. பக்கத்து சான்-இப்போலித் ஊர் பீனோ நுவார் சிவப்பு ஒயினுக்குப் பேர்போனது. வெள்ளை ஒயினே கோலோச்சும் ஆல்சாஸில் இது தனித்துத் தெரியும். மேற்கிலிருந்து வரும் மழைமேகத்தை வோஜ் மலை தடுத்துவிடுவதால் கிழக்குச் சரிவு மழைமறைவில் இருக்கிறது. அருகிலுள்ள கோல்மார், பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த நகரங்களில் ஒன்று. கொடி சுமார் 400 மீட்டர் உயரம் வரைதான் ஏறும். அதற்கு மேல் காடு. காட்டுக்கு மேல் மணற்கல், மணற்கல்லின் மேல் கோட்டை. அதாவது கோட்டை கட்டத் தேவையான கல் அது நிற்கும் பாறையிலேயே இருந்தது. மணற்கல்லின் மணிகளைச் சுற்றிப் படிந்த இரும்பு ஆக்ஸைடுதான் அந்த இளஞ்சிவப்புக்குக் காரணம்.

1147 முதல் 1462 வரை

774-இல் பிராங்கிய மன்னர் சார்லமேன் (பேரரசரானது பின்னால்) இந்தக் குன்றை, பாரீஸ் அருகிலுள்ள சான்-தெனி மடத்தைச் சார்ந்த லியெப்ர் துறவிகளுக்குக் கொடையாக எழுதிவைத்தார். கோட்டை முதன்முதலாக ஏட்டில் வருவது 1147-இல், அதுவும் ஒரு புகார் மனுவில். எங்கள் நிலத்தில் அனுமதியில்லாமல் கோட்டை எழுப்பிவிட்டார்கள் என்று சான்-தெனித் துறவிகள் பிரெஞ்சு மன்னர் 7ஆம் லூயியிடம் முறையிட்டார்கள். கட்டியவர்கள் ஹோஹன்ஸ்டாஃபன் வம்சத்தார். அப்போதே இரண்டு கோபுரங்கள் இருந்தன. ஒன்று ஜெர்மன் மன்னர் 3ஆம் கொன்ராடுக்குரியது, மற்றது பிற்காலத்தில் பார்பரோசா என்று பெயரெடுத்த அவருடைய அண்ணன் மகன் பிரெடரிக்குக்குரியது. அந்தக் காலத்துச் சுவர்த் துண்டுகளும் அரைவட்ட வளைவு கொண்ட ரோமனெஸ்க் ஜன்னல்களும் இன்றும் கோட்டைக்குள் இருக்கின்றன.

13ஆம் நூற்றாண்டில் கோட்டை லொரேன் பிரபுக்கள் கைக்குப் போனது. அவர்களுக்குக் கீழே ராட்ஸம்ஹவுஸன், ஹோஹன்ஸ்டைன் குடும்பங்கள் காவல் இருந்தன. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இது வழிப்பறிப் பிரபுக்களின் கூடாரமாகிவிட்டது. வணிகம் பாதிக்கப்பட்ட நகரங்களும் பிஷப்பும் ஆஸ்திரியப் பிரபுவும் சேர்ந்து 1462-இல் படையெடுத்து இதைத் தகர்த்தார்கள். முதல் கோட்டையின் கதை அத்தோடு சரி.

பீரங்கிக்காகக் கட்டிய கோட்டை

1479-இல் புனித ரோமானியப் பேரரசர் 3ஆம் பிரெடரிக் இந்த இடிபாட்டை டியர்ஸ்டைன் பிரபுக்களுக்கு மானியமாகக் கொடுத்தார். கோட்டையின் இன்றைய உருவத்துக்கு எலும்புக்கூடு போட்டவர்கள் இவர்களே. கோட்டைக் கட்டுமானத்தில் ஆர்வமுள்ளவர்கள் நின்று கவனிக்க வேண்டிய கட்டமும் இதுதான்.

12ஆம் நூற்றாண்டுக் கோட்டை உயரத்தை நம்பியது. ஏணி வைத்து ஏறி வருபவனையும் அம்பு எய்பவனையும் தடுக்க உயரமான மெல்லிய சுவர் போதும். 15ஆம் நூற்றாண்டில் பீரங்கி வந்ததும் அந்தக் கணக்கு தலைகீழானது. உயரமான மெல்லிய சுவரில் குண்டு பட்டால் மேல்பாரமே அதைச் சாய்த்துவிடும். தடிமனான, தாழ்ந்த, வளைந்த சுவர்தான் தாங்கும். வளைவில் படும் குண்டு வழுக்கிப் போகும். தட்டையான முகத்தில் நேராகப் படும் குண்டின் முழு விசையையும் கல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டியர்ஸ்டைன்கள் முதலில் மலையின் பலவீனத்தைப் படித்தார்கள். முகடு கிழக்கு-மேற்காகச் சுமார் கால் கிலோமீட்டர் நீளத்துக்குக் கோட்டையைத் தாங்குகிறது. வடக்கும் தெற்கும் செங்குத்தான சரிவு, அங்கிருந்து கனமான பீரங்கியை இழுத்து வர முடியாது. மேற்கே மட்டும் முகடு சமமாக நீண்டு காட்டுக்குள் போகிறது. எதிரி பீரங்கியை நிறுத்தக்கூடிய மட்டமான இடம் அது ஒன்றுதான். ஆகவே தடிப்பையெல்லாம் அந்தப் பக்கம் குவித்தார்கள். பல மீட்டர் தடிமனுள்ள கேடயச் சுவர், அதன் இரு முனைகளிலும் உருண்டையான பீரங்கிக் கோபுரங்கள், எல்லாம் சேர்ந்து பெருங்கொத்தளம். கிழக்கே நட்சத்திர வடிவில் முனை நீட்டிய இன்னொரு மதில், தாழ்வான வெளிமதில் ஒன்று சுற்றிலும். வசிக்கும் மாளிகை இவற்றின் நடுவில், எதிரியின் குண்டுக்கு நேர்கோட்டில் வராதபடி கேடயச் சுவருக்குப் பின்னால் ஒளிந்தது.

வாசலமைப்பிலும் அதே யோசனை தெரிகிறது. வெளிவாசலைக் கடந்தவன் நேராக மாளிகைக்குப் போய்விட முடியாது. முதலில் கீழ்முற்றம். கொல்லர் பட்டறை, குதிரை லாயம், விடுதி எல்லாம் அங்கே. பிறகு திரும்பி ஏற வேண்டும், மறுபடி ஒரு வாசல், தூக்குப்பாலம், அதன் பிறகுதான் உள்முற்றம். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே சுவர், சுவரில் துளை. கேளிக்கைப் பூங்காக்களில் கட்டும் கோட்டைகளில் வாசலிலிருந்து அரங்கம் வரை நேர்ப்பாதை போட்டுவிடுவார்கள். அங்கேதான் அவை காட்டிக்கொடுத்துவிடும்.

கிணறு

757 மீட்டர் உயரத்தில், தண்ணீரை வடியவிடும் மணற்கல் முகட்டில், முற்றுகைக் காலத்தில் என்ன குடிப்பது? கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கலாம். ஆனால் கோடை முற்றுகையில் அது பாசி பிடித்து நாறும், கூரை எரிந்தால் வரத்தே நின்றுபோகும். எனவே பாறையைக் குடைந்து சுமார் 62 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு இறக்கினார்கள். அடுக்குமாடியாக எண்ணினால் 20 மாடி.

இந்தக் கிணற்றைப் பற்றி வழக்கமாக ஆழத்தை மட்டும் சொல்வார்கள். வேலை செய்தவனுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் கயிறு. விரல் தடிமனைவிடக் கூடுதலான, 3 செ.மீ. குறுக்களவுள்ள நார்க்கயிறு மீட்டருக்கு ஏறக்குறைய 0.6 கிலோ கனக்கும். 62 மீட்டர் தொங்கும்போது கயிறு மட்டும் 37 கிலோ, நனைந்தால் இன்னும் கூடும். 20 லிட்டர் வாளியை இழுப்பவன் தண்ணீரைவிடக் கயிற்றைத்தான் அதிகம் இழுக்கிறான். கையால் இறைக்கும் வேலையே இல்லை அது. உருளையோ சக்கரமோ வேண்டும், கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு வேண்டும், அதைச் சரிபார்க்க ஆள் வேண்டும். எதிரிக் குண்டு கிணற்று வாயில் விழுந்து கல் சரிந்தால் கோட்டை முடிந்தது. அதனால்தான் கிணற்றைத் திறந்த முற்றத்தில் விடாமல் தடித்த சுவருள்ள கோபுரம் ஒன்றால் மூடி, மாளிகையோடு ஒட்டிவைத்தார்கள். பெருங்கொத்தளத்துக்கு அடுத்தபடி இந்தக் கோட்டையின் மிக நேர்த்தியான பகுதி இந்தக் கிணற்றுக் கோபுரம் என்பது எங்கள் கருத்து.

1633: 52 நாள்

டியர்ஸ்டைன் வம்சம் 1517-இல் வாரிசில்லாமல் முடிந்தது. கோட்டை மீண்டும் பேரரசர் கைக்குப் போனது. அவருக்குப் பின் வந்த ஹாப்ஸ்பர்க் மன்னர்களோ மானியமாகப் பெற்ற பிரபுக்களோ பராமரிப்புச் செலவை ஏற்க முன்வரவில்லை. கோட்டையின் வீழ்ச்சி இந்தச் செலவுக் கணக்கிலேயே தொடங்கிவிட்டது. கூரை ஒழுகினால் அடியில் உள்ள உத்தரம் உளுக்கும், உளுத்த உத்தரத்தின் மேல் பீரங்கியை ஏற்ற முடியாது. பாதுகாப்பு ஏட்டில் இருக்கும், சுவரில் இருக்காது.

முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படை ஆல்சாஸில் புகுந்தது. 1633-இல் கோட்டையை முற்றுகையிட்டது. 52 நாள் தாக்குப்பிடித்த பின் கோட்டை விழுந்தது, சூறையாடப்பட்டது, எரிந்தது.

சுமார் 150 ஆண்டு பழைய வடிவமைப்பு 52 நாள் நின்றதே பெரிது. ஏன் அதற்கு மேல் நிற்கவில்லை? 1479-இல் கட்டியவர்கள் எதிர்பார்த்தது கல் குண்டை நேராக எறியும், மெதுவாகச் சுடும் பீரங்கியை. 17ஆம் நூற்றாண்டுப் பீரங்கி இரும்புக் குண்டை வேகமாக, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடிக்கும். கேடயச் சுவரைத் தாண்டி மேலிருந்து விழும் வெடிகுண்டுகளும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. பல மீட்டர் கல் நேரே வரும் குண்டை நிறுத்தும், தலைக்கு மேல் வருவதை நிறுத்தாது. உள்ளே மாளிகைக் கூரை மரம், தளம் மரம், மாடம் மரம். இந்த வகைக் கோட்டைகளுக்கெல்லாம் பொதுவான பலவீனம் இது: வெளியே கல், உள்ளே விறகு.

கூரை போனால் கோட்டை போகும்

தீ பெரும்பாலும் கல்லைக் கொல்வதில்லை. கொல்வது அதன் பிறகு பெய்யும் மழை. 1633-க்குப் பின் 266 ஆண்டு இந்த முகட்டில் நடந்ததை வரிசையாகச் சொன்னால், கைவிட்ட எந்தக் கல் கட்டடத்துக்கும் அது பொருந்தும்.

கூரை இல்லாத சுவரின் உச்சியில் மழை நேராக இறங்குகிறது. சுவரின் இரு முகங்களுக்கு நடுவே நிரப்பிய கற்கூளத்தைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. தண்ணீர் அந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. உள்ளே பொள்ளல் விழுகிறது. குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து முகக் கற்களை வெளியே தள்ளுகிறது. சுவர் வயிறு தள்ளியதுபோல் புடைக்கும். புடைத்த சுவர் ஒருநாள் முகத்தை உதிர்க்கும். மேலே சேர்ந்த மண்ணில் விதை முளைக்கும், வேர் இடுக்கில் இறங்கி ஆப்பு வேலை செய்யும். வளைவு மாடத்தின் பக்கச் சுவர் நகர்ந்தால் மாடம் மொத்தமும் கீழே வரும்.

மணற்கல்லுக்கு இன்னொரு சங்கதி உண்டு. அது அடுக்கடுக்காகப் படிந்த கல். குவாரியில் எப்படிக் கிடையாகப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்க வேண்டும். அடுக்கைச் செங்குத்தாக நிறுத்திப் பதித்தால், பாரமும் உறைபனியும் சேர்ந்து சில பத்தாண்டுகளில் தாள் தாளாக உரித்துவிடும். பழுது பார்ப்பவர்கள் செய்யும் இன்னொரு தவறு, சுண்ணாம்புக் காரை இருந்த இணைப்பில் கெட்டியான சிமென்ட் பூசுவது. ஈரம் இணைப்பு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறத் தேடும், போகும்போது உப்பைக் கல்லின் மேற்பரப்பில் படியவிடும். சிமென்ட் கெட்டியாக நிற்கும், அதைச் சுற்றிக் கல் குழிந்து தின்னப்பட்டிருக்கும். காரை எப்போதும் கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். தேய வேண்டியது காரை. அதை மறுபடி பூசிக்கொள்ளலாம், கல்லைப் பூச முடியாது.

1862-இல் பிரெஞ்சு அரசு இந்த இடிபாட்டை வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 1865-இல் செலஸ்டா நகராட்சி இதை விலைக்கு வாங்கியது. பராமரிக்க அந்தச் சிறு நகரத்துக்கு வசதியில்லை. 1871-இல் போரில் தோற்ற பிரான்ஸ் ஆல்சாஸை ஜெர்மனியிடம் இழந்தது. 1899 மே 4 அன்று செலஸ்டா இடிபாட்டை ஜெர்மன் பேரரசர் 2ஆம் வில்ஹெல்முக்குப் பரிசாகக் கொடுத்தது. நகராட்சியின் கணக்கில் இது சுமையை இறக்கிவைத்ததுபோல. பேரரசரின் கணக்கு வேறு. பேரரசின் கிழக்குக் கோடியில் மரியன்புர்க் கோட்டை, மேற்குக் கோடியில் இது. இரண்டும் சேர்ந்து ஆட்சி எல்லையைக் குறிக்கும் அடையாளங்களாக நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஹோஹன்ஸ்டாஃபன்களும் ஹாப்ஸ்பர்க்குகளும் இருந்த இடத்தில் ஹோஹன்ஸோலர்ன் வம்சத்து அவர் வாரிசாக நிற்பதாகக் காட்டுவதும் நோக்கம்.

1900–1908: வேலை நடந்த விதம்

பொறுப்பு ஜெர்மன் கட்டடக் கலைஞர் போடோ ஏப்ஹார்டிடம் போனது. 1865-இல் பிறந்தவர், அப்போது 34 வயது. 1899-இல்தான் ஜெர்மன் கோட்டைகளைக் காக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்.

முதலில் அவர் கட்டவில்லை, சுத்தம் செய்தார். இடிபாட்டில் வளர்ந்த மரங்கள் வெட்டப்பட்டன. விழுந்து கிடந்த கல்லும் மண்ணும் அகற்றப்பட்டபோது கிடைத்த பொருட்கள் பொறுக்கி எடுத்து வைக்கப்பட்டன. அவற்றில் அடுப்போட்டுத் துண்டுகள் முக்கியம். மெருகேற்றிய சுட்ட மண்ணோடுகளால் ஆன, அறையைச் சூடேற்றும் பெரிய அடுப்புகள் இந்த வட்டாரத்து வீடுகளின் மையம். இடிபாட்டில் கிடைத்த ஓட்டுத் துண்டுகளை மாதிரியாக வைத்து புது அடுப்புகள் செய்யப்பட்டு இன்று அறைகளில் நிற்கின்றன. அடுப்போட்டுத் துண்டு ஒன்று போதும். அதன் வளைவு, அச்சுப் படம், மெருகின் நிறம் இவற்றிலிருந்து முழு அடுப்பின் அளவையும் காலத்தையும் நெருங்கிவிடலாம். இந்த வேலை ஊகமில்லை, மீட்பு.

வேலைக்கு முன், நடுவில், முடிந்த பின் என்று விரிவாக ஒளிப்படம் எடுக்கப்பட்டது. அளவெடுத்து வரைபடங்கள் தயாராயின. கல் மேலே போக முகட்டில் சிறு தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சின் ஓடியது. பாரந்தூக்கிகள் நின்றன, மின்சாரம் வந்தது. அந்த மலை முகட்டில் அது தன் காலத்தின் நவீனக் கட்டுமானத் தளம்.

புதிதாகப் பதித்த கற்களில் மறுசீரமைப்புக் குறிகள் செதுக்கப்பட்டன. அருகில் போய்ப் பார்த்தால் தெரியும். கல்லின் முகத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு வெட்டுக்குறி. இடைக்காலத்துக் கல்தச்சரும் தாம் செதுக்கிய கல்லில் தம் குறியைப் போடுவது வழக்கம், கூலிக் கணக்குக்கு அது உதவும். ஏப்ஹார்ட் அதே பழக்கத்தை எடுத்து வேறு வேலைக்கு வைத்தார். இந்தக் கல் என் காலத்தது, பழையது என்று நம்பாதே என்று பின்னால் வருபவனுக்குச் சொல்லும் குறி அது. ஏமாற்ற நினைப்பவன் இதைச் செய்ய மாட்டான். ஏப்ஹார்டைப் போலி என்று திட்டியவர்கள் இந்த ஒரு விஷயத்துக்கு மதிப்பெண் போடத் தவறிவிட்டார்கள்.

செலவு 20 இலட்சம் மார்க்கைத் தாண்டியது. பேரரசின் கருவூலமும் ஆல்சாஸ்-லொரேன் நிர்வாகமும் பெரும்பகுதியைச் சுமந்தன. பேரரசரின் ஆசைக்கு எங்கள் வரிப்பணமா என்று உள்ளூரில் எழுந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது. 1908 மே 13 அன்று, கொட்டும் மழையில், பழங்கால உடை தரித்தவர்களின் ஊர்வலத்தோடு திறப்பு விழா நடந்தது.

எங்கே எல்லை மீறினார்

ஆதாரம் இருந்த இடத்தில் ஏப்ஹார்ட் நன்றாக வேலை செய்தார். ஆதாரம் தீர்ந்த இடத்தில் அவர் நிறுத்தவில்லை. இரண்டு இடங்கள் முக்கியம்.

ஒன்று, நடுக்கோபுரம். இடிபாட்டில் அதன் அடிப்பகுதிதான் மிஞ்சியிருந்தது. அதற்கு மேல் எவ்வளவு உயரம், உச்சி எப்படி என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இப்போதுள்ள கோபுரம் பழையதைவிட உயரம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கீழ்ச் சமவெளியிலிருந்து பார்க்கும்போது கோட்டைக்குக் கோட்டை என்ற தோற்றத்தைத் தருவது அந்தக் கோபுரம். பேரரசர் விரும்பியதும் அந்தத் தோற்றத்தையே. ஏப்ஹார்டின் காலத்திலேயே ஓட்டோ பிப்பர் என்ற கோட்டை ஆய்வாளர் அவருடைய மறுகட்டுமானங்களைக் கடுமையாக எதிர்த்தார்.

இரண்டாவது, பேரரசர் மண்டபம். எங்கள் பார்வையில் கோட்டையிலேயே பலவீனமான இடம் இதுதான். விழாக்கூடம் வேண்டும் என்பதற்காக நடுத்தளத்தை எடுத்துவிட்டு இரண்டு மாடி உயரத்தை ஒரே கூடமாக்கினார்கள். பழைய தளமைப்பு அங்கே அழிந்தது. விதானத்தில் ஸ்ட்ராஸ்பூர்க் ஓவியர் லேயோ ஷ்னுக் வரைந்த பெரிய கழுகு இறக்கை விரிக்கிறது. ஓவியமாகப் பார்த்தால் ஷ்னுக்கின் கை தேர்ந்த கை. உள்முற்றத்து மாடத்தில் அவர் தீட்டிய பழைய வீரர்களின் உருவங்களும் அழகு. ஆனால் 15ஆம் நூற்றாண்டு மாளிகையின் அறையமைப்பை இந்தக் கூடத்திலிருந்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. 1900-களின் பேரரசர் தன்னை எப்படிக் கற்பனை செய்துகொண்டார் என்பதைத்தான் கற்றுக்கொள்ளலாம். இத்தனை செய்தும் அவர் இங்கே குடியிருக்கவில்லை, வந்தால் சில மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே, ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் கியோர்க் டேஹியோ என்ற கலை வரலாற்றாசிரியர் நேர் எதிரான கருத்தைப் பேசிவந்தார். இருப்பதைக் காப்பாற்று, இல்லாததைக் கட்டாதே என்பது அவர் நிலைப்பாடு. 1905 ஜனவரி 27 அன்று, பேரரசரின் பிறந்தநாள் விழாவில் பல்கலைக்கழகத்தின் சார்பில் பேசக் கிடைத்த மேடையிலேயே நினைவுச்சின்னப் பாதுகாப்பைத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். அப்போது மலைமேல் பேரரசரின் சுவர் வளர்ந்துகொண்டிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த மேடையின் துணிச்சல் புரியும்.

நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறியாக 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம் இந்த வழக்கைத் தீர்த்து வைக்கிறது என்று சொல்லலாம். ஊகம் தொடங்கும் இடத்தில் மறுசீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. இந்த அளவுகோலில் கோபுரமும் மண்டபமும் தோற்றுப்போகின்றன. புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைய வேண்டும், அதே வேளை மூலத்திலிருந்து பிரித்தறியக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அறுபது ஆண்டு முன்பே கல்லில் குறி வெட்டிய ஏப்ஹார்ட் இதில் தேறிவிடுகிறார்.

பிறகு

1918 ஏப்ரலில் 2ஆம் வில்ஹெல்ம் கடைசியாக இங்கே வந்தார். பேரரசர் மண்டபத்துக் கணப்படுப்பின் முன்தட்டில் "நான் இதை விரும்பவில்லை" என்று பொருள்படும் ஜெர்மன் வாசகம் பொறித்திருக்கிறது. முதல் உலகப் போரைப் பற்றியது அது. அதே ஆண்டு நவம்பரில் முடியாட்சி முடிந்தது. 1919-இல் கோட்டை பிரெஞ்சு அரசின் சொத்தானது.

அடுத்த தலைமுறை பிரெஞ்சுக்காரர்களுக்கு இது ஜெர்மன் பேரரசரின் சின்னமாகவே பட்டது. அந்த மனத்தடை கரைய நாளானது. 1993-இல் முழுக் கட்டடமும், ஏப்ஹார்டின் வேலையும் சேர்த்து, வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா இடைக்காலத்தை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதுவே சாட்சி என்ற அங்கீகாரம் அது. 2007 ஜனவரி 1 முதல் கோட்டை அரசிடமிருந்து பா-ரான் மாவட்டத்துக்கு மாறியது. 2021 முதல் ஆல்சாஸ் வட்டாரத்தின் உள்ளாட்சி அமைப்பான "ஆல்சாஸ் ஐரோப்பிய மன்றம்" இதை நடத்துகிறது. ஆண்டுக்கு 5 இலட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அத்தனை கால்களும் மணற்கல் படியைத் தேய்க்கும், அத்தனை மூச்சின் ஈரமும் ஓவியத்தில் படியும். 1633-க்குப் பின் கவனிப்பாரின்றிக் கெட்ட கல்லுக்கு இப்போது கூட்டத்தால் வரும் தேய்மானமும் சேர்ந்துவிட்டது.

மலேசியத் தமிழர்கள் இதன் நிழலை ஏற்கெனவே பார்த்திருக்கலாம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், புக்கிட் திங்கி மலையில் கோல்மார் நகரத்தை மாதிரியாக வைத்துக் கட்டிய சுற்றுலா விடுதியில் இந்தக் கோட்டையின் பிரதியும் உண்டு.

நேரில் பார்ப்பவருக்கு

ஸ்ட்ராஸ்பூர்க்–கோல்மார் ரயில் பாதையில் செலஸ்டாவில் இறங்க வேண்டும். அங்கிருந்து மலைக்கு ஏறத்தாழ 12 கி.மீ. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் சமவெளி முழுக்க மூடுபனி படுத்திருக்க, முகடு மட்டும் வெயிலில் நிற்கும் நாட்கள் உண்டு. கீழே மூட்டமாக இருக்கிறது என்று திரும்பிவிட வேண்டாம். தெளிவான நாளில் ரைனுக்கு அப்பால் ஜெர்மனியின் கருங்காட்டு மலைகள் தெரியும், மிகத் தெளிவான நாளில் ஆல்ப்ஸும் தெரியும்.

பெரும்பாலோர் மாளிகை அறைகளில் நேரத்தைச் செலவிட்டுவிட்டுப் பெருங்கொத்தளத்துக்கு வரும்போது களைத்துவிடுவார்கள். அறைகளில் இருக்கும் மேசையும் அலமாரியும் பழையவைதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இந்தக் கோட்டையில் பிறந்தவை அல்ல. அறைகளை நிரப்ப 1904-இல் தொடங்கிய சங்கம் ஒன்று வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்தவை. எனவே அறைகளை வேகமாகக் கடந்து, கிணற்றடியிலும் மேற்குக் கொத்தளத்திலும் நின்று பார்ப்பது பயன். கொத்தளத்தின் மேலிருந்து மேற்கே பாருங்கள். டியர்ஸ்டைன்கள் பயந்த அந்தச் சமமான முகடு கண்ணுக்கு நேரே கிடக்கும்.

பிறகு வெளியே வந்து அந்த முகட்டில் சுமார் 200 மீட்டர் காட்டுக்குள் நடந்தால் ஓடன்புர்க் என்ற இன்னொரு கோட்டை வரும். 13ஆம் நூற்றாண்டில் பிறந்தது. அதே முகடு, அதே இளஞ்சிவப்புக் கல், அதே மழை, ஆனால் அதை யாரும் மறுபடி கட்டவில்லை. கேடயச் சுவரும் மாளிகை முகப்பின் ஒரு பகுதியும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. அங்கே சுவரின் வெட்டுமுகத்தில் முகக்கல் எவ்வளவு, நடுக்கூளம் எவ்வளவு, காரை எங்கே கரைந்திருக்கிறது என்று கண்ணாலேயே அளக்கலாம். பெரிய கோட்டையில் அது எங்கும் தெரியாது, எல்லாம் மூடியிருக்கிறது. பெரிய கோட்டையில் வாசல் எப்படித் திறந்தது, தண்ணீர் எப்படி ஏறியது, பீரங்கி எந்தத் துளையில் நின்றது என்று பார்த்துவிடலாம். ஓடன்புர்க்கில் அது எதுவும் மிஞ்சவில்லை. முதலில் பெரியதைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே சின்னதற்குப் போங்கள். நுழைவுச் சீட்டு அதற்கு வேண்டாம், பிடிமானமுள்ள செருப்பு போதும்.